ஐந்து நொடியில் முப்பத்தொரு டிகிரி

ஆண்டுவிழாவுக்கு இன்னும் ஆறு நாள்கள் இருந்தன. வேலூர்ப் பக்கத்து அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் நான் அறிவியல் பட்டதாரி ஆசிரியர். எட்டாம் வகுப்பு மாணவர்கள் ஒன்பது பேர் சேர்ந்து, ஊர் ஏரி நிரம்பிய ஆண்டையும் வற்றிய ஆண்டையும் பற்றி மூன்று நிமிட அசைபடம் ஒன்றை உருவாக்கியிருந்தார்கள். கதை அவர்களுடையது. கரைப் பனைமரங்களையும் மதகையும் வரைந்தவர்கள் அவர்கள். குரல் கொடுத்ததும் அவர்கள்தான். பிளெண்டர் என்னும் கட்டணமில்லா மென்பொருளில் அவற்றையெல்லாம் கோத்துப் படமாக மாற்றிக் கொடுப்பது மட்டும் என் பொறுப்பு. சனிக்கிழமை இரவு அந்த வேலையை என் வீட்டுக் கணினியிடம் ஒப்படைத்துவிட்டுப் படுத்தேன். இரண்டு மணிக்கு விழித்துப் பார்த்தால் திரை இருண்டு கிடந்தது. கணினி தானாக அணைந்திருந்தது. பெட்டியின் மேல் கை வைத்தேன், சுட்டது.

அதுவரை ஓடியதில் ஒரு நொடிப் படம்கூட மிஞ்சவில்லை. அது என் பிழை. படத்தை நேரடியாக ஒரே காணொலிக் கோப்பாகச் சேமிக்கும்படி அமைத்திருந்தேன். நடுவில் கணினி நின்றால் அந்தக் கோப்பு திறக்காது. ஒவ்வொரு சட்டகத்தையும் தனித்தனிப் படமாகச் சேமித்துக் கடைசியில் இணைத்திருந்தால், நின்ற இடத்திலிருந்து தொடர்ந்திருக்கலாம். பாடத்துக்காக அசைபடம் செய்யும் ஆசிரியர்கள் இந்த ஒன்றையாவது குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு காலை பெட்டியைத் தூக்கிக்கொண்டு பழுதுபார்க்கும் கடை ஒன்றுக்குப் போனேன். கடைக்காரர் ஐந்து நிமிடம் பார்த்தார். "கிராபிக்ஸ் கார்டு போயிடுச்சு சார். பழசு. வேற போட்டுடுங்க, பதினெட்டாயிரம் ஆகும்" என்றார். அது நான் இரண்டாம் கையாக வாங்கிய அட்டைதான், அதில் பொய்யில்லை. ஆனால் போய்விட்ட அட்டை எப்படி நான்கு மணி நேரம் ஒழுங்காகப் படம் வரைந்துவிட்டு அதன்பிறகு நிற்கும் என்ற கேள்வி எனக்குள் இருந்தது. கடைக்காரரிடம் அதைக் கேட்கத் தோன்றவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வரைகலை அட்டையைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். திரையில் தெரியும் ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் கணக்கிடுவது அதன் வேலை. ஒரே மாதிரியான சிறுசிறு கணக்குகளை ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் போடுவதற்கென்றே செய்யப்பட்டது அது. என்னுடைய அட்டை முழுவீச்சில் இயங்கும்போது 120 வாட் எடுத்துக்கொள்ளும். அந்த 120 வாட்டும் எங்கே போகிறது? மின்விசிறி என்றால் காற்றாக வருகிறது, விளக்கு என்றால் ஒளியாக வருகிறது. அட்டைக்கு அப்படி வெளியே தர ஒன்றுமில்லை. எடுத்துக்கொண்ட மின்னாற்றல் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே முடிகிறது.

அளவைப் பார்த்தால்தான் இதன் கடுமை புரியும். அட்டையின் நடுவில் உள்ள சில்லு ஏறத்தாழ 200 சதுர மில்லிமீட்டர், அதாவது 2 சதுர சென்டிமீட்டர். கட்டைவிரல் நகம் அளவு. நினைவகத்துக்கும் மற்ற பாகங்களுக்கும் போனது போகச் சில்லில் மட்டும் 90 வாட் என்று வைத்துக்கொண்டால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 45 வாட். நம் வீட்டு இஸ்திரிப் பெட்டி 1000 வாட். அதன் அடித்தகடு சுமார் 200 சதுர சென்டிமீட்டர் என்றால் சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட்தான். துணியைப் பொசுக்கக்கூடிய ஒன்றைவிட ஒன்பது மடங்கு நெருக்கமாக, நகம் அளவு இடத்தில் வெப்பம் பிறக்கிறது. அதை உடனுக்குடன் வெளியே கடத்தத்தான் சில்லின் தலையில் ஒரு ஹீட் சிங்க்கும், அதில் காற்றடிக்க விசிறியும் இருக்கின்றன. கடத்த முடியாதபோது அட்டை தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியும் முடியாவிட்டால் அணைந்துவிடும். என் கணினி அன்றிரவு செய்தது தற்காப்பு.

வீட்டுக்கு வந்து முதலில் செய்தது, பெட்டியை மேசையின் கீழ் அறையிலிருந்து வெளியே எடுத்ததுதான். தூசி விழக்கூடாதென்று என் அம்மா அதன்மேல் எப்போதும் ஒரு பழைய டர்க்கி டவலைப் போர்த்தி வைப்பார். அக்கறையோடு செய்தது. நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஒன்றும் சொன்னதில்லை. வெப்பப் பாடம் நடத்துகிறவன் நான். பக்கத் தகட்டைக் கழற்றினால் ஹீட் சிங்க்கின் மடிப்புகளுக்கு இடையே பஞ்சு மெத்தைபோலத் தூசி படிந்திருந்தது. சிறிய ஊதுகருவியால் ஊதி எடுத்தேன். ஊதும்போது விசிறி இறகைக் குச்சியால் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் அது தாறுமாறாகச் சுழன்று அச்சு கெடும். வீட்டுத் தூசி உறிஞ்சும் கருவியை அட்டைக்கு அருகே கொண்டுபோகவே கூடாது. அதில் நிலைமின்சாரம் உருவாகும்.

மறுபடி ஓடவிட்டுப் பார்த்தேன். வெப்பநிலையைப் பார்க்கத் தனிக்கருவி எதுவும் வேண்டாம். சில்லுக்குள்ளேயே உணரி இருக்கிறது. விண்டோஸ் 10 இயங்குதளத்தின் 2020 மே மாதப் பதிப்பிலிருந்து டாஸ்க் மேனேஜரிலேயே அட்டையின் வெப்பநிலை தெரியும். நான் ஜிபியு-இசட் என்னும் இலவசச் செயலியைப் பயன்படுத்தினேன். அது அளவீடுகளை நொடிக்கு நொடி கோப்பில் எழுதிவைக்கும். முன்பு 94 டிகிரி செல்சியஸ் வரை போயிருந்தது இப்போது 90இல் நின்றது. அணையவில்லை. ஆனால் வேகம் விழுந்துவிட்டது. தொடக்கத்தில் 40 நொடியில் முடியும் ஒரு சட்டகம், சூடேறிய பிறகு 75 நொடி எடுத்தது. பக்கத் தகட்டைத் திறந்தே வைத்து மேசை விசிறியை நேராகத் திருப்பினேன். 88. இரண்டு டிகிரிதான் குறைந்தது.

நொடிக்கு 24 சட்டகங்கள். மூன்று நிமிடத்துக்கு 4320. ஒன்றுக்கு 75 நொடி என்றால் 90 மணி நேரம். ஞாயிறு இரவு பத்து மணியிலிருந்து வெள்ளி மாலை ஐந்து மணி வரை 115 மணி நேரம் இருந்தது. கணக்குப்படி முடிந்துவிடும். ஆனால் நான்கு நாள் விடாமல் 90 டிகிரியில் இந்த அட்டை தாங்குமா? தாங்காவிட்டால் ஒன்பது பிள்ளைகளுக்கும் என்ன சொல்வது? அட்டையைக் கழற்றிச் சரிசெய்யலாம் என்றால், கழற்றும்போது கெட்டுப்போனால் நொண்டிக்கொண்டாவது ஓடுவதும் போய்விடும். பள்ளி உயர்தொழில்நுட்ப ஆய்வகத்துக் கணினிகளில் தனி வரைகலை அட்டை கிடையாது. இந்தமுறை தனித்தனிப் படங்களாகச் சேமிக்கும்படி அமைத்து, ஓடவிட்டுவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை.

திங்கட்கிழமை எட்டாம் வகுப்பில் வெப்பம் பாடத்துக்குத் திருப்புதல். கவனம் முழுவதும் வீட்டுக் கணினியில் இருந்ததால், அந்த அளவீடுகளையே கரும்பலகையில் எழுதி வரைபடம் போடச் சொன்னேன். சும்மா இருக்கும்போது 48. வேலை தொடங்கிய ஐந்தாவது நொடியில் 79. ஒரு நிமிடத்தில் 86. பிறகு மெல்ல ஏறி 90. வேலையை நிறுத்திய ஐந்தாவது நொடியில் 64. பிள்ளைகள் கிடை அச்சில் நேரத்தையும் செங்குத்து அச்சில் வெப்பநிலையையும் குறித்தார்கள். கோடு சுவர்போல் செங்குத்தாக ஏறி, பிறகு மேசைபோல் படுத்துக்கொண்டது.

இரண்டாவது வரிசையில் ஒரு மாணவி எழுந்தாள். "சார், எங்க வீட்டுத் தோசைக்கல்லு சூடாகவே அஞ்சு நிமிசம் ஆகும். அதுமேல இருக்கிற அவ்வளவு பெரிய இரும்பு, அஞ்சு நொடியில எப்படி சார் சூடாச்சு?"

"இரும்பில்லை, அலுமினியம்" என்று திருத்தினேன். திருத்திவிட்டு அப்படியே நின்றுவிட்டேன்.

அவளுடைய கேள்விக்குப் பாடப்புத்தகத்திலேயே விடை இருந்தது. தன் வெப்ப ஏற்புத்திறன். எல்லோரும் சேர்ந்து கணக்குப் போட்டோம். ஹீட் சிங்க்கின் நிறை ஏறக்குறைய 400 கிராம், அதாவது 0.4 கிலோகிராம் என்று வைத்துக்கொண்டோம். அலுமினியத்தின் தன் வெப்ப ஏற்புத்திறன் ஒரு கிலோகிராமுக்கு, ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 900 ஜூல். 31 டிகிரி உயர வேண்டுமானால் 0.4, 900, 31 ஆகிய மூன்றையும் பெருக்க வேண்டும். 11,160 ஜூல். அட்டை நொடிக்குத் தருவது அதிகபட்சம் 120 ஜூல். ஐந்து நொடியில் 600 ஜூல். 600 ஜூலால் அந்த அலுமினியத்தை எவ்வளவு சூடேற்ற முடியும்? இரண்டு டிகிரிகூட இல்லை.

"அப்போ மேல இருக்கிறது சூடே ஆகலையா சார்?"

ஆகவில்லை. சில்லு மட்டும் 79க்குத் தாவியிருக்கிறது. அதன் தலையில் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டிய உலோகம் கிட்டத்தட்ட இருந்தபடியே இருந்திருக்கிறது. சில்லும் உலோகமும் நன்றாக ஒட்டியிருந்தால் வெப்பம் உலோகத்துக்குப் பாய்ந்து இரண்டும் ஒன்றையொன்று தொடர்ந்து மெதுவாக ஏறும். ஏறவில்லை என்றால் இரண்டுக்கும் நடுவே எதுவோ தடுக்கிறது. மேசை விசிறி வைத்தும் இரண்டு டிகிரிதான் குறைந்ததன் காரணமும் அப்போதுதான் விளங்கியது. வெப்பம் வந்து சேராத உலோகத்துக்கு எவ்வளவு காற்றடித்து என்ன பயன்? காற்றோட்டத்தில் கோளாறு இருந்தால் வெப்பநிலை பல நிமிடங்களில் மெல்ல மெல்ல ஏறும். இணைப்பில் கோளாறு இருந்தால் சில நொடிகளில் தாவும். இது எனக்கு ஞாயிற்றுக்கிழமையே தோன்றியிருக்க வேண்டும். அளவீடு என்னிடம்தான் இருந்தது, தோசைக்கல் அவளிடம் இருந்தது.

நடுவே என்ன இருக்கிறது என்பதைக் காட்ட, அடுத்த பாடவேளையையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். அடிப்பாகம் உட்குழிந்த எவர்சில்வர் டம்ளர்கள் இரண்டு, ஒரே மாதிரித் தட்டுகள் இரண்டு, ஆய்வக வெப்பநிலைமானிகள் இரண்டு. இரண்டு டம்ளரிலும் சம அளவு வெந்நீர். ஒரு தட்டு காய்ந்தது. மற்றதில், டம்ளரின் அடிக்குழிவு நிறையும் அளவுக்குப் பச்சைத் தண்ணீர். பத்து நிமிடத்தில் தண்ணீர்த் தட்டில் இருந்த டம்ளர் சில டிகிரி கூடுதலாக ஆறியிருந்தது. காய்ந்த தட்டில் அடிக்குழிவுக்குள் அடைபட்டிருந்த காற்று வெப்பத்தைத் தடுத்துவிட்டது. பால் சொம்பைத் தண்ணீர்த் தட்டில் வைத்து ஆற்றுவது நம் வீடுகளில் எல்லோரும் செய்வதுதான் என்று பிள்ளைகளே சொன்னார்கள்.

சில்லின் மேற்பரப்பும் உலோகத்தின் அடிப்பரப்பும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் நுண்ணிய மேடுபள்ளங்கள் கொண்டவை. இரண்டையும் வைத்து அழுத்தினால் மேடுகள் மட்டுமே தொடும். பள்ளங்களில் காற்று இருக்கும். அலுமினியத்தின் வெப்பக் கடத்துத்திறனில் காற்றினுடையது ஏறத்தாழ ஒன்பதாயிரத்தில் ஒரு பங்குதான். அந்தப் பள்ளங்களை நிரப்பத்தான் தெர்மல் பேஸ்ட் என்னும் பசையைத் தடவுகிறார்கள். பசை அப்படியொன்றும் பெரிய கடத்தி அல்ல, உலோகத்தின் அருகில்கூட வராது. ஆனாலும் காற்றைவிட நூறு மடங்குக்கு மேல் நன்றாகக் கடத்தும். அது ஆண்டுக்கணக்கில் சூடேறி ஆறி, காய்ந்து வெடித்துப் போனால் மறுபடியும் நடுவில் காற்றுதான்.

அன்று மாலை ஆறு மணிக்கு வேலையை நிறுத்தினேன். இருபது மணி நேரத்தில் 960 சட்டகங்கள் முடிந்து பத்திரமாக இருந்தன. கணினியை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, பவர் பொத்தானைச் சில நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றினேன். பெட்டியின் உலோகச் சட்டத்தைத் தொட்டு உடம்பின் நிலைமின்சாரத்தையும் இறக்கினேன். இதைச் செய்யாமல் அட்டையைத் தொடக்கூடாது. அட்டையைப் பிடித்திருக்கும் திருகையும் மின்இணைப்பையும் கழற்றி, செருகுவாயின் ஓரத்தில் உள்ள சிறு கொக்கியை அழுத்தினால் அட்டை வெளியே வரும். சில்லைச் சுற்றி நான்கு திருகுகள். ஒன்றை முழுவதும் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினேன். காய்ந்த பசை பற்றிக்கொண்டிருந்ததால் உலோகத்தை இடவலமாக மெல்லத் திருகி விடுவித்தேன். திருப்புளியை விட்டு நெம்பினால் சில்லின் விளிம்பு உடைந்துவிடும்.

உள்ளே பசை சாக்பீஸ் தூளைப்போல உதிர்ந்தது.

ஐசோபுரப்பைல் ஆல்கஹாலை நூல் உதிராத துணியில் தொட்டு இரண்டு பரப்புகளையும் துடைத்தேன். கைகழுவும் சானிடைசர் இதற்கு உதவாது. அதில் கிளிசரின் முதலியவை கலந்திருக்கும். புதிய பசையைச் சில்லின் நடுவில் பட்டாணி அளவுக்கு வைத்தால் போதும், அழுத்தத்தில் தானாகப் பரவும். நிறைய பூசினால் நல்லது என்று தோன்றும். பசை தடித்தால் அதுவே இன்னொரு தடையாகிவிடும்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கவனித்தேன். நினைவகச் சில்லுகளுக்கும் உலோகத்துக்கும் இடையே இருந்த மெத்தென்ற தெர்மல் பேடுகளில் ஒன்று, உலோகத்தைப் பிரித்தபோது கிழிந்து பாதி இங்கும் பாதி அங்குமாக ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த இடைவெளி பெரியது. பசையால் நிரப்ப முடியாது. தடிமன் மாறிய பேடை வைத்தால் உலோகம் சாய்ந்து, நடுச் சில்லைத் தொடாமலே போகலாம். மணி இரவு ஒன்பது. எல்லாவற்றையும் ஒரு செய்தித்தாளில் பரப்பி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் சாப்பாட்டைத் தட்டில் போட்டுக் கொண்டுவந்து வைத்தார்.

செவ்வாய் காலை அந்தக் கிழிசலை ஒரு காகிதத்தில் மடித்துப் பள்ளிக்குக் கொண்டுபோனேன். ஆய்வகத்து வெர்னியர் அளவியில், அழுந்தாத ஓரமாகப் பார்த்து அளந்தோம். நான் ஒருமுறை, மாணவர்கள் மூன்று பேர் ஆளுக்கு ஒருமுறை. 1 மில்லிமீட்டர். மாலையில் வேலூருக்குப் போய், மின்னணுப் பொருள் கடையில் 1 மில்லிமீட்டர் பேடு ஒரு துண்டும் பசை ஒரு சிறு குழாயும் வாங்கினேன். இரண்டுக்கும் சேர்த்து அறுநூறு ரூபாய்க்குள் முடிந்தது. பசை வீட்டில் இருந்தது. கை நடுங்கி மறுபடி பிரிக்க நேர்ந்தால் இருக்கட்டும் என்று இன்னொன்று.

இரவு ஒன்பது மணிக்குக் கணினியை இயக்கினேன். திரை வந்தது. வேலையைத் தொடங்கிவிட்டு நொடிகளை எண்ணினேன். சும்மா இருந்தபோது 41. ஐந்தாவது நொடியில் 54. முன்பு 31 டிகிரி தாவியது இப்போது 13. பத்து நிமிடம் கழித்து 70, பிறகு 72இல் நின்றுவிட்டது. அறை வெப்பநிலை 31. சட்டகத்துக்கு மறுபடி 40 நொடி. மீதமிருந்த 3360 சட்டகங்களுக்கு 37 மணி 20 நிமிடம். புதன்கிழமை இரண்டு மணி நேரம் மின்சாரம் இல்லை. வியாழன் பிற்பகலில் எல்லாம் முடிந்து, மாலையில் ஒன்பது பேரும் வீட்டுக்கு வந்து பார்த்தார்கள். வற்றிய ஏரியில் கொக்கு நிற்கக்கூடாது என்று ஒருவன் கடைசி நேரத்தில் பிடிவாதம் பிடிக்க, அந்தக் கொக்கை மட்டும் நீக்கி நூறு சட்டகங்களை மறுபடி ஓடவிட்டோம். ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆனது. அம்மா பெட்டியருகே காது கொடுத்துவிட்டு, "இப்போதான் மூச்சு வாங்காம இருக்குது" என்றார். டவல் அலமாரிக்குப் போய்விட்டது.

இதைப் படித்துவிட்டு யாரும் பள்ளி ஆய்வகத்துக் கணினியைத் திறந்துவிட வேண்டாம். அவற்றுக்கென்று பராமரிப்பு முறை உண்டு. அதன்படி தெரிவிப்பதே சரி. வீட்டுக் கணினியானாலும் உத்தரவாதக் காலம் முடியாவிட்டால் திறக்காதீர்கள். வகுப்பில் செய்ய விரும்பினால் டம்ளர் சோதனையும் வரைபடமும் போதும். மின்னிணைப்பில் இருக்கும் எதையும் மாணவர்கள் முன் நான் பிரிப்பதில்லை. பழைய செயலிழந்த அட்டை ஒன்று கிடைத்தால் அதைத் தனியாகக் கொண்டுபோய்த் தொட்டுப் பார்க்கக் கொடுக்கலாம்.

ஆண்டுவிழா முடிந்த அடுத்த வாரம் வகுப்பில் ஒரு கேள்வி கொடுத்தேன். அறை 31 டிகிரியில் இருக்கும்போது அட்டை 72. கத்திரி வெயிலில் அறை 37 டிகிரி ஆனால் அட்டை எவ்வளவு காட்டும்? பெரும்பாலோர் விகித முறையில் பெருக்கி எண்பதைத் தாண்டிவிட்டார்கள். தோசைக்கல் மாணவி 78 என்று எழுதியிருந்தாள். வேலை ஒன்றே என்றால் அறைக்கும் அட்டைக்கும் உள்ள வித்தியாசம் 41 டிகிரி அப்படியே இருக்கும் என்பது அவளுடைய விளக்கம். மே மாதத்தில் ஒருநாள் அறையில் சரியாக 37 டிகிரி இருந்தபோது பார்த்துக் குறித்துவைத்தேன்.

ஜூனில் பள்ளி திறந்ததும் ஒன்பதாம் வகுப்பிலிருந்து தேடிக்கொண்டு வந்தாள். "எவ்வளவு சார் காட்டுச்சு?" 77 என்றேன். முகம் சுருங்கியது. "ஒரு டிகிரி எங்க சார் போச்சு?"

விசிறி, என்று நான் வாயெடுப்பதற்குள், "சூடு கூடினா அந்த விசிறி இன்னும் வேகமா சுத்துமா சார்?" என்றாள்.